படுத்துக்கிடந்த கோடு

சௌடேஸ்வரி செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டிய பதினோராவது மோட்டாரும் சுவிட்சைப் போட்டதும் மறுபேச்சில்லாமல் ஓடியது. சூடு இல்லை, உதறல் இல்லை, தொட்டால் ஷாக் இல்லை. மேஜைக்கு மேலே தொங்கிய சாம்பல் நிறப் பெட்டி அதை மூன்று நிமிஷம் உற்றுப் பார்த்தது. பிறகு செய்தி வாசிக்கிற அம்மாளின் குரலில், "பயிலுநர் சௌடேஸ்வரி, இந்தப் பணியிலும் கற்றல் நிகழவில்லை" என்று அறிவித்தது.

"நிகழாது, போ" என்றாள் சௌடேஸ்வரி. "தெரிஞ்ச வேலைய எத்தன தடவ கத்துக்கறது?"

பெட்டிக்குக் கைமதி என்று பெயர். அரசாங்கத்தில் தமிழ் படித்துவிட்டு வேறு வேலை கிடைக்காத அதிகாரி யாரோ வைத்திருக்க வேண்டும். அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்தில் எல்லாரும் மெல்லிய கையுறை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். விரல் எங்கே போகிறது, எவ்வளவு அழுத்துகிறது, எங்கே தயங்குகிறது என்பதெல்லாம் உறை வழியாக அவரவர் திறன் கோப்பில் ஏறிவிடும். வேலை முடிந்ததும், "நீங்கள் கற்றது என்ன?" என்று பெட்டி கேட்கும். அந்தப் பதிலும் கோப்பில் ஏறும். பரீட்சை கிடையாது. ஆறு மாதம் கழித்துக் கைமதி கோப்பை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, தேறினாரா இல்லையா என்று சொல்லும். தேற அறுபது மதிப்பெண் வேண்டும். இரண்டு மாத முடிவில் சௌடேஸ்வரி வாங்கியிருந்தது பதினான்கு. அதுவும் நேரத்துக்கு வந்ததற்கும் மேஜையைத் துடைத்ததற்கும் போட்டது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. அதில் இருபத்துமூன்று வருஷம் காயில் கட்டியே போயிருந்தது. இருகூர்ப் பக்கம் இருந்த அவள் பட்டறைக்குப் பல்லடத்திலிருந்தும் அவிநாசியிலிருந்தும் கிணற்று மோட்டாரை வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். புருஷன் என்று ஒருத்தன் இருந்தான். அவனுக்கு மோட்டார் எவ்வளவோ தேவலாம், கெட்டுப்போனால் பிரித்துச் சரிபண்ணிவிடலாம் என்பது அவள் கட்சி. போன வருஷம் சட்டம் வந்தது: சான்றிதழ் இல்லாமல் யாரும் மோட்டாரைப் பிரிக்கக் கூடாது. அடுத்த வாரமே பட்டறை ஷட்டருக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கோப்பு தேறினால் சீலை எடுப்பார்கள். தேறாவிட்டால் மூன்று வருஷத்துக்கு மறுபடி சேரவே முடியாது. மூன்று வருஷம் மூடிக் கிடந்த பட்டறையை எந்த வாடிக்கைக்காரர் ஞாபகம் வைத்திருப்பார்?

பக்கத்து மேஜை நிகிலேஷின் கதை நேர்மாறு. இருபத்தேழு வயது. சென்னையில் கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதிக்கொண்டிருந்தவன். கம்ப்யூட்டரே தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ள ஆரம்பித்ததும் இவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனிக் கைத்தொழில்தான் கதி என்று இங்கே வந்து சேர்ந்தான். இதுவரை ஒன்பது மோட்டாரைக் கருக்கியிருந்தான். பத்தாவது மோட்டார் தன் விசிறியைத் தானே கழற்றிக் கூரைமேல் எறிந்தது. அவன் மதிப்பெண் எழுபத்தொன்று.

"இது என்ன நாயம் தம்பி? ஓடற மோட்டாருக்குப் பதினாலு, ஓடாத மோட்டாருக்கு எழுவதா?"

"அக்கா, மோட்டார் ஓடறதுக்கெல்லாம் அது மார்க் போடறதே இல்ல" என்றான் நிகிலேஷ். "மொதல் மோட்டாருக்கும் கடைசி மோட்டாருக்கும் நடுவுல எவ்ளோ வித்தியாசம்னுதான் பாக்குது. அதுக்கு வளர்ச்சிக் கோடுன்னு பேரு. நான் முழு முட்டாளா வந்தேன், இப்போ முக்கால் முட்டாள். கோடு ஏறுது. உங்க கோடு படுத்துக் கெடக்கு."

"நான் முட்டாளா வராதது தப்புங்கறியா?"

"அதேதான் அக்கா."

சௌடேஸ்வரி நேராக அன்வர் பாஷாவிடம் போனாள். அவர்தான் அந்தப் பிரிவின் பயிற்றுநர். கைமதி வருவதற்கு முன்னால் பாடம் நடத்தினார். இப்போது கையுறைகளுக்குச் சார்ஜ் போடுகிறார்.

"பேசாம ஒரு பரீட்சை வெச்சுருங்க சார். மோட்டார் ஓடுனா பாஸு, ஓடலீன்னா பெயிலு. முடிஞ்சுது."

"வெச்சுட்டுத்தானுங்க அக்கா இருந்தோம்" என்றார் அன்வர் பாஷா. "வெளியூர்ல இருந்து பரீட்சை அதிகாரி வருவாரு. நாங்க பிரியாணி வாங்கி வெப்போம். சாப்பிட்டுட்டு அந்தச் சேர்லயே ஒரு தூக்கம் போடுவாரு. எந்திரிச்சு எல்லாத்துக்கும் மார்க் போட்டுட்டுப் போயிருவாரு. கடைசியா வந்தவரு, பரீட்சைக்கே வராத ரெண்டு பேருக்கு முதல் வகுப்பு போட்டுட்டாருங்க. அதுல ஒருத்தன் வேலைக்குப் போன எடத்துல கரண்ட் அடிச்சுச் செத்துப் போயிட்டான். அதுக்கப்புறந்தான் மேல இருக்கறவங்க, மனுசனே வேண்டாம், பெட்டி பாத்துக்கட்டும்னு முடிவு பண்ணுனாங்க."

சௌடேஸ்வரி தன் கையுறையைக் கழற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"பெட்டி பிரியாணி திங்காது, அது வரைக்கும் சரிங்" என்றாள். "ஆனா அந்தப் பையனாட்டத்தான் இந்தத் தம்பியும் மோட்டாரைக் கருக்கீட்டு இருக்குது. அதுக்கு எழுவது மார்க்கு போடுதே, அது?"

அன்வர் பாஷா சார்ஜ் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

சரி, ஊரோடு ஒத்துப்போய்ப் பார்க்கலாம் என்று முதலில் அவள் கைவைத்தது "நீங்கள் கற்றது என்ன?" என்ற கேள்வியில். அதுவரை, "ஒண்ணுமில்ல" என்றே பதில் சொல்லிவந்தாள். பெட்டியும், "தற்சிந்தனை போதவில்லை" என்று குறித்துவந்தது. நிகிலேஷோ அந்தக் கேள்வி வந்தால் கவிஞனாகிவிடுவான். "செம்புக் கம்பியின் பொறுமைக்கு முன்னால் என் அவசரம் தலைகுனிந்தது" என்பான். வகுப்பே அதைக் காப்பியடித்தது. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரெக்கார்டு நோட்டு எழுதியே வளர்ந்த பரம்பரை அல்லவா, கையுறை வந்தால் மட்டும் ரத்தம் மாறிவிடுமா? ஒரே வாரத்தில் இருபத்திரண்டு பேரின் அவசரமும் தலைகுனிந்தது.

சௌடேஸ்வரியும் நிகிலேஷிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வந்து, பன்னிரண்டாவது மோட்டாரைக் கட்டி ஓடவிட்டுவிட்டு வாசித்தாள். "என் மோட்டார் கருகிய அந்த நொடியில் என் கவனக்குறைவும் சேர்ந்து கருகியது."

பெட்டி சற்று யோசித்தது. "உங்கள் மோட்டார் கருகவில்லை. ஓடிக்கொண்டிருக்கிறது."

"கருகும், கொஞ்சம் பொறு" என்றாள் சௌடேஸ்வரி. சாயங்காலம்வரை ஓடவிட்டுப் பார்த்தாள். அந்த மோட்டாருக்குக் கருகும் உத்தேசமே இல்லை.

அடுத்து, நிகிலேஷ் அவளுக்குத் தப்புச் செய்யச் சொல்லிக்கொடுத்தான். காயில் இறங்குகிற பள்ளத்தில் முதலில் இன்சுலேஷன் பேப்பர் வைக்க வேண்டும். அதை வைக்காமல் விடுங்கள், போதும் என்றான். அவள் விட்டாள். நாலாவது பள்ளத்துக்கு வந்தபோது மூன்றிலும் பேப்பர் இருந்தது. எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, விரல் வைத்திருக்கிறது. அதே பதின்மூன்றாவது மோட்டாரில் பல்லைக் கடித்துக்கொண்டு பத்துச் சுற்றைக் குறைத்துக் கட்டினாள். பெட்டி உடனே, "தவறு வேண்டுமென்றே செய்யப்பட்டது. நேர்மைக் குறைவுக்காக இரண்டு மதிப்பெண் கழிக்கப்படுகிறது" என்றது.

"உண்மையான தப்புன்னா விரல் தயங்கணும் அக்கா" என்று நிகிலேஷ் விளக்கினான். "உங்க விரல் தயங்கவே மாட்டேங்குது. தப்பக்கூட ஜோரா பண்ணுது."

பன்னிரண்டு மதிப்பெண். மூன்றரை மாதம் மிச்சம். சௌடேஸ்வரிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வலது கையில் டீ டம்ளர் இருந்ததால், இடது கையில் அகப்பட்ட எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் பெட்டியைப் பார்த்து வீசினாள். துணி பெட்டிக்கு நாலடி தள்ளிப் போய், ஜன்னலோரம் நின்றிருந்த அன்வர் பாஷாவின் சட்டையில் அப்பியது.

நிகிலேஷ் மெதுவாக எழுந்து நின்றான். "அக்கா, உங்க இடது கை இவ்ளோ மோசமா?"

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் முகத்தைச் சுளித்தாள். "ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கற மோட்டாரு தம்பி. பீச்சாங்கைல தொடச் சொல்றியா?"

"சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடுங்க."

வேலையை நடத்துகிற கை எது என்று பெட்டி முதல் நாளே கேட்டுப் பதிந்துகொள்ளும். அதற்கு முதன்மைக் கை என்று பெயர். மற்றது துணைக் கை, சும்மா பிடித்துக்கொள்ள. முதன்மைக் கையை மாற்ற வேண்டுமானால், முதல் நாள் பதிந்ததே தவறு என்று பயிற்றுநர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்வர் பாஷா முடியவே முடியாது என்றார். பிறகு சட்டையில் இருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார், சௌடேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார். அவள் தேறாவிட்டால் வகுப்பின் சராசரி இறங்கும், சராசரி இறங்கினால் பிரிவையே மூடிவிடுவார்கள், கையுறைக்குச் சார்ஜ் போடுகிற வேலையும் போய்விடும் என்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

இடது கை கட்டிய முதல் காயில் சந்தையில் மிஞ்சிய இடியாப்பம்போல் இருந்தது. கம்பி மூன்று இடத்தில் உரிந்திருந்தது. பெட்டியின் குரலில் ஒரு குதூகலமே வந்துவிட்டது. "இருபத்தெட்டுக் குறைகள் கண்டறியப்பட்டன. நீங்கள் கற்றது என்ன?"

"இது கை இல்ல, எருமை மாடு" என்றாள் சௌடேஸ்வரி, மனசாரத்தான்.

"சிறந்த தற்சிந்தனை" என்றது பெட்டி.

அதற்கப்புறம் நடந்ததில் ஏமாற்று எதுவும் இல்லை. அவள் நிஜமாகவே திணறினாள். மணிக்கட்டு வலித்தது. வீட்டில் வெங்காயம் நறுக்குவது, பல் விளக்குவது, பூட்டைத் திறப்பது எல்லாம் இடது கையால் செய்து பழகினாள். பஸ்ஸில் இடது கையால் சில்லறை நீட்டிக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஐந்தாவது மோட்டாரில் குறைகள் பதினெட்டு, ஏழாவதில் ஒன்பது. துணைக் கையாக ஒதுக்கப்பட்ட வலது கை பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. கம்பி தொய்கிற இடமெல்லாம் அது பாய்ந்து வரும். இடது கையால் அதைத் தட்டித் தட்டியே உட்கார வைத்தாள்.

ஒன்பதாவது மோட்டார் ஓடியது. ரொம்ப அழகாக ஒன்றுமில்லை, கொஞ்சம் முனகிக்கொண்டே ஓடியது. ஆனாலும் ஓடியது. சௌடேஸ்வரிக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிகிலேஷிடம் சொன்னாள், "சோத்தாங்கை கட்டுன மொத மோட்டாரு எப்படி ஓடுச்சுன்னே எனக்கு நெனப்பில்ல தம்பி. இது சாகற வரைக்கும் மறக்காது. அந்தப் பெட்டி சொல்றதுல கொஞ்சம் உண்மை இருக்குதுங்கறேன்."

"பெட்டி கேக்கற மாதிரி சொல்லுங்க, மார்க் போடும்."

"அதுகிட்டச் சொல்ல மாட்டேன். அதுக்கு அவ்வளவு எடங்குடுக்கக் கூடாது."

ஆறு மாதம் முடிந்து முடிவுகள் வந்தன. நிகிலேஷுக்குத் தொண்ணூற்று மூன்று. ஒரு பம்ப் கம்பெனி அவனை உடனே தரப் பரிசோதகனாக எடுத்துக்கொண்டது. அவனுக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. "நான் பாத்த மோட்டார யாரும் வாங்காம இருந்தா நல்லது அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். சௌடேஸ்வரிக்கு எண்பத்தெட்டு. அவள் கோடு தரையிலிருந்து கிளம்பி மருதமலைப் படிபோல் ஏறியிருந்தது. கைமதி தன் பாராட்டுக் குறிப்பில், இந்த ஆண்டின் மிகச் சிறந்த கற்றல் என்று எழுதியிருந்தது.

மறுநாள் காலையில் அன்வர் பாஷா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் சான்றிதழ் இருந்தது. பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலமும் இருந்தது. அவர் உட்காரச் சொல்லவும் மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஷட்டர் சீல இன்னைக்கே எடுத்துருவாங்க அக்கா. பட்டறை தெறந்துக்கலாம்."

"அப்புறம் ஏனுங் சார் மூஞ்சிய இப்படி வெச்சிருக்கறீங்க?"

"படிச்சுப் பாருங்க."

அவள் படித்தாள். பேர், ஊர், மதிப்பெண் எல்லாம் சரியாக இருந்தன. அதற்குக் கீழே இரண்டு வரி. இடது கை: மோட்டார் காயில் கட்டத் தகுதி பெற்றது. வலது கை: பதின்மூன்று பணிகளிலும் கற்றல் நிகழவில்லை. தகுதியற்றது.

"இது என்னுங் சார்?"

"நாம முதன்மைக் கைய மாத்துனோமில்லீங்களா. அது பழைய கோப்பை அழிக்கலீங்க. மூடி வெச்சுட்டு, புதுசா ஒண்ணு தெறந்திருக்கு. இப்ப அதுங்கிட்ட ரெண்டு கோப்பு இருக்கு, ரெண்டு கை இருக்கு. ஒரு கை தேறிருச்சு, ஒரு கை தேறலை."

"ரெண்டும் எங்கையி தானுங்களே?"

"அதுக்கு உங்களத் தெரியாதுங்க அக்கா. அது ஆளப் பாத்ததே இல்ல. கையத்தான் பாத்துச்சு."

பொட்டலத்தை அவரே பிரித்தார். உள்ளே தடித்த சாம்பல் நிற உறை ஒன்று இருந்தது. நாலு விரலும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருந்தது. பட்டறையில் இருக்கிற நேரம் முழுக்க வலது கையில் இதை மாட்டியிருக்க வேண்டும் என்றார். பிடிக்கலாம், அமுக்கலாம், கட்டக் கூடாது. கழற்றினால் உள்ளே இருக்கிற மின்சில்லு கைமதியிடம் சொல்லிவிடும், அன்றைக்கே மறுபடி சீல் வந்துவிடும்.

"மேல எழுதிப் போட்டுப் பாத்தீங்களா?"

"நேத்து ராத்திரியே எழுதுனனுங்க. காலைல பதில் வந்துருச்சு. கைமதிதான் பதில் போட்டிருக்கு."

"சோத்தாங்கைக்கு மறுபடி சேந்து படிச்சா?"

"மூணு வருஷம் கழிச்சுச் சேரலாம்." அன்வர் பாஷா அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "ஆனா அப்பவும் அது கத்துக்கணும்ங்க. கத்துக்கணும்னா, சேரும்போது தெரியாம இருக்கணும்."

"மறந்துட்டு வரச் சொல்றீங்க."

அவர் பொட்டலத்துக் காகிதத்தை நாலாக மடித்தார். கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். சௌடேஸ்வரி வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்துமூன்று வருஷம் சோறு போட்ட கை. புருஷன் விட்டுவிட்டுப் போன அன்றைக்குக்கூட நடுங்காமல் இரண்டு மோட்டார் கட்டிய கை. அதை மூட்டைக்குள் போடுகிற மாதிரி அந்த உறைக்குள் நுழைத்தாள். நாடாவை இடது கையால் இழுத்துக் கட்டினாள். முடிச்சு ஒரே தடவையில் கச்சிதமாக விழுந்தது.

"நல்லாத்தான் கத்துக்கிச்சு இந்தக் கழுதை" என்று இடது கையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சாமான் வாங்கிப் போட்டுப் பட்டறையைத் திறக்க மூன்று வாரம் ஆயிற்று. திறந்த அன்று முதல் ஆளாகக் குட்டியப்பன் வந்து இறங்கினார். பல்லடத்துக்காரர், பதினைந்து வருஷ வாடிக்கை. எட்டு மாதமாக வேறு எங்கெங்கோ மோட்டாரைக் கொடுத்து, மூன்று தடவை கருகி, வாழை வாடிக்கொண்டிருந்த வயிற்றெரிச்சலில் வந்திருந்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் புதுசா ஒரு பரிசோதகன வெச்சிருக்கறானாம் அம்மிணி, தொண்ணூத்தி மூணு மார்க்காம். அவன் பாத்துக் குடுத்த மோட்டாரு அஞ்சு நாளு ஓடுச்சு. எனக்கு மார்க்கெல்லாம் வேண்டாஞ் சாமி. உங்கையில ஒருக்கா கட்டிக் குடு, அது போதும்."

சௌடேஸ்வரி வண்டியில் இருந்த மோட்டாருக்கு இடது கையை நீட்டினாள். பெரியவர் அந்தக் கையைப் பார்த்தார். நல்ல காரியத்துக்கு யாராவது இடது கையை நீட்டுவார்களா? பிறகு உறை மாட்டிய வலது கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏனம்மிணி, சோத்தாங்கையில என்ன? அடி கிடி பட்டுருச்சா?"

"அடியெல்லாம் ஒண்ணுமில்லீங்" என்றாள் சௌடேஸ்வரி. "பள்ளிக்கூடத்துக்குக் கூட்டீட்டுப் போனனுங். அதுக்குப் படிப்பு ஏறலீங்."